இல்லாத எறும்பின் வகை

உணவு செய்து விற்கும் இடத்தில் எறும்பு இருக்கக் கூடாது என்று சட்டம் சொல்கிறது. நல்ல சட்டம். எறும்பு இல்லை என்பதற்கு ஒரு சான்றிதழ் வாங்கி, கண்ணாடிச் சட்டம் போட்டு, கல்லாவுக்கு மேலே மாட்ட வேண்டும் என்றும் இந்த வருஷத்திலிருந்து அதே சட்டம் சொல்கிறது. அதுவும் நல்லதுதான். கடைக்காரர்கள் யாரும் இதுவரை இதில் குறை கண்டதில்லை. சிக்கல் எங்கே வந்தது என்றால், ரொட்டியக்கா கடையில் உண்மையிலேயே எறும்பு இல்லை.

ரொட்டியக்கா வீட்டின் முன்னறையில் ஒரே ஒரு ஓவன் வைத்துக்கொண்டு பன்னும் ரொட்டியும் கேக்கும் சுட்டு விற்பவள். வீட்டுக்காரர் வேலை பார்த்த நூல் மில் மூடப்பட்ட வருஷம் மூட்டிய அடுப்பு அது. பதினோரு வருஷமாக அது எரிகிறது, அதனால் வீடும் நடக்கிறது. இந்தப் பதினோரு வருஷத்தில் அவள் கடைக்குள் எறும்பு வரிசை போட்டதாகச் சரித்திரம் இல்லை. சர்க்கரை டின்கள் தண்ணீர்த் தட்டில் நிற்கும். வேலை முடிந்ததும் மேடையைச் சோப்புத் தண்ணீர் விட்டுத் துடைப்பாள். வெறும் துணியால் துடைத்தால் எறும்பு போட்டுவிட்டுப் போன வாசனை அப்படியே இருக்கும், அதைப் பிடித்துக்கொண்டு மற்றதெல்லாம் வரும் என்பது அவள் கட்சி. தப்பித் தவறி வேவு பார்க்க ஒன்று வந்தால் அடிக்க மாட்டாள். கையைக் கட்டிக்கொண்டு அதன் பின்னாலேயே போவாள். எந்த இடுக்கில் நுழைகிறது என்று பார்த்து, அந்த இடுக்கை வெள்ளை சிமெண்ட் வைத்து அடைத்துவிடுவாள். அத்தோடு அந்தக் குடும்பத்துக்கும் இவள் கடைக்கும் உறவு முடிந்தது.

அப்படிப்பட்டவள்தான் உரிமம் முடிய இருபத்திரண்டு நாள் இருக்கும்போது, 'வீட்டுப் பூச்சிகள் அடையாளம் காணல் மற்றும் ஒழுங்குமுறை அலுவலக'த்தின் மூன்றாம் ஜன்னலில் போய் நின்றாள். தேதி தவறினால் ஓவன் கதவுக்கு அரக்கு வைத்துவிடுவார்கள். பக்கத்துத் தெரு அப்பளக்காரிக்கு அப்படித்தான் வைத்தார்கள். பாவம், இன்றைக்கும் அந்த அரக்கைத் தினம் துடைத்து வைக்கிறாள்.

குமாஸ்தா விண்ணப்பத்தை அடிக்கோல் வைத்து வரி வரியாகப் படித்தார். ஆறாவது கட்டத்தில் கோல் நின்றது.

"எறும்பின் வகைன்னு கேட்டிருக்கே. காலியா விட்டிருக்கீங்களேம்மா?"

"எறும்பே இல்லீங்க சார்."

"அது தெரியுது. இல்லைன்னு சான்றிதழ் வாங்கத்தானே வந்திருக்கீங்க. எந்த எறும்பு இல்லை?"

"எந்த எறும்பும் இல்லை."

குமாஸ்தா திரும்பிச் சுவரில் தொங்கிய அட்டையைப் பார்த்தார். சிற்றெறும்பு, சுள்ளெறும்பு, கட்டெறும்பு, முசிறு என்று பன்னிரண்டு வகை வண்ணத்தில் அச்சாகியிருந்தது. ஒவ்வொன்றாக விரலை வைத்துக்கொண்டு வந்தார். அவருக்கு வேலையில் நேர்மை உண்டு.

"எந்த எறும்பும்னு ஒரு வகை இதுல இல்லையேம்மா."

"அப்போ நான் எதைத்தான் எழுதுறது?"

"அதை நாங்க சொல்லக் கூடாது. சொன்னா தூண்டினதா ஆயிடும்."

ரொட்டியக்காவுக்கு ஓவனில் மூன்றாம் தட்டு இருந்தது நினைவுக்கு வந்தது. "சரி சார், சிற்றெறும்பு இல்லைன்னு எழுதிக்கோங்க, தொலையட்டும்."

"எழுதிக்கலாம். ஆனா உங்க கடையில இல்லாதது சிற்றெறும்புதான்னு நான் எப்படி நம்புறது? கட்டெறும்பு இல்லாம இருந்துட்டு, சிற்றெறும்பு இல்லைன்னு எழுதிக் குடுத்துட்டீங்கன்னா? நாளைக்குத் தணிக்கையில என் தலைதான் உருளும்." அவர் குரல் இறங்கியது. நல்ல மனிதர்தான். "மாதிரி வைக்கணும்மா. உயிரோட மூணு. ஒரே வரிசையில போறதா இருக்கணும், உங்க கடையிலேயே பிடிச்சதா இருக்கணும். ஆய்வாளர் நேர்ல வந்து வரிசையைப் பார்ப்பார். பார்த்தாருன்னா இல்லைன்னு எழுதிடலாம்."

அவர் மேஜையோரமாக ஒரு நல்ல வரிசை போய்க்கொண்டிருந்தது. ஜன்னல் விரிசலில் புறப்பட்டு, கோப்புக் கட்டைத் தாண்டி, பிஸ்கட் இருந்த இழுப்பறைக்குள் இறங்கியது. ரொட்டியக்கா பார்த்தாள். சொல்ல வாயெடுத்தவள், நம்ம விண்ணப்பம் அடியில் போய்விடும் என்று வாயை மூடிக்கொண்டாள்.

கடைக்குத் திரும்பினால் வாசலில் மனு வாத்தியார் நின்றிருந்தார். ஓய்வு பெற்ற ஆசிரியர், தினம் இரண்டு பன் வாங்குகிறவர், எல்லா அலுவலகத்துக்கும் எல்லாவற்றைப் பற்றியும் மனு எழுதுகிறவர். கதையைக் கேட்டதும் குடையை ஓங்கித் தரையில் குத்தினார்.

"பாத்தியாம்மா! கண்ணை நம்ப மாட்டான், காகிதத்தை நம்புவான். இவனுங்களை எல்லாம் வரிசையா நிக்க வெச்சு மருந்து அடிக்கணும். பன் இருக்கா?"

தெருவில் நின்ற அத்தனை பேரும் அதை ஆமோதித்தார்கள். பன் வாங்கிக்கொண்டு ஆமோதித்தார்கள்.

எறும்புக்கு எங்கே போவது? ஊரெல்லாம் எறும்பு இருக்கிறது, ஆனால் கடையிலேயே வரிசை போகிற எறும்பு வேண்டுமே. வீட்டுக்காரர் யோசித்தார். அவர் சாது. விண்ணப்பம் என்றால் எழுந்து நின்று படிக்கிறவர்.

"புதுசுகிட்ட கேட்டுப் பாரேன்."

புதுசு என்பது அவருடைய தங்கை. எது புதிதாக வந்தாலும் முதலில் அவள் வீட்டுக்குத்தான் வரும் என்பதால் அந்தப் பெயர். போன வருஷம் நாற்காலி இல்லாமல் வாழ்ந்தாள். அதற்கு முந்தின வருஷம் வெள்ளை நிறத்தில் இருப்பதை மட்டும் சாப்பிட்டாள். இந்த வருஷம் 'வரிசை வாழ்வு.' கூடத்தில் கண்ணாடிப் பெட்டி வைத்து எறும்பு வளர்த்து, காலையும் மாலையும் அதைப் பார்த்துக்கொண்டே மூச்சு விட வேண்டும். மனசு ஒழுங்குக்கு வரும். வசதியான வீடுகளில் இப்போது பெட்டி இல்லாவிட்டால் விருந்தாளிகள் ஒரு மாதிரி பார்க்கிறார்களாம்.

"மூணே மூணு எறும்பு குடு போதும்," என்றாள் ரொட்டியக்கா, ஒரு கரண்டி சர்க்கரை கேட்கிற குரலில்.

"எறும்புன்னு சொல்லாதீங்க அண்ணி. உடன்வாசிகள். மனசு புண்படும்."

"யாரு மனசு?"

"அவங்க மனசுதான். மூணு பேரைத் தனியாப் பிரிக்க முடியாது அண்ணி, வகுப்புல கண்டிப்பாச் சொல்லியிருக்காங்க. குடும்பத்தோட கூட்டிட்டுப் போறதா இருந்தா போங்க. ராணியே அஞ்சாறு இருக்காங்க."

வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் கட்டிக்கொள்வது என்பார்கள். ரொட்டியக்கா கண்ணாடிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டே ஆட்டோவில் வந்தாள்.

பெட்டியைத் திறந்து வைத்தால், அவை நகரவே இல்லை. தேனும் முந்திரிப் பொடியும் தின்று வளர்ந்தவை. இரைக்காக நடப்பது அவற்றின் பரம்பரையிலேயே விட்டுப்போயிருந்தது. பதினோரு வருஷம் ஒரு துளி சிந்தவிடாதவள், தன் கையாலேயே மேடையிலிருந்து சுவர் வரைக்கும் சர்க்கரைப் பாகைக் கோடாக இழுத்தாள். வீட்டுக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இரண்டாம் நாள் ஒன்று எட்டிப் பார்த்தது. மூன்றாம் நாள் ஒரு வரிசை கிளம்பியது. ஐந்தாம் நாள் அத்தனையும் ராணிகளோடு ஓவனுக்குப் பின்சுவரில் குடியேறிவிட்டன. அங்கே கதகதப்பாக இருந்தது.

ஆய்வாளர் வந்தபோது பதினைந்து நாள் மிச்சம் இருந்தது. பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்தார், பார்த்தார், திருப்பி வைத்தார். பிறகு சுண்டுவிரலை வரிசையின் குறுக்கே வைத்துக்கொண்டு கண்ணை மூடினார்.

"என்ன சார் பண்றீங்க?"

"சுண்டுவிரல் சோதனை. கடிச்சா சுள்ளெறும்பு. கடிக்காட்டி சிற்றெறும்பு. கடிக்கலாமா வேண்டாமான்னு யோசிச்சா மேலிடத்துக்கு எழுதணும்." ஒரு நிமிஷம் கழித்துக் கண்ணைத் திறந்தார். "சிற்றெறும்பு. வாழ்த்துகள்."

ரொட்டியக்காவுக்கு உயிர் வந்தது. "அப்போ இல்லைன்னு எழுதிடுங்க சார்."

ஆய்வாளர் எழுதினார். எழுதியதை அவளே படிக்கும்படி நீட்டினார். 'மேற்படி வளாகத்தில் சிற்றெறும்பு காணப்பட்டது. ஆகவே எறும்பு இல்லை எனும் விண்ணப்பதாரரின் கோரிக்கை உண்மைக்குப் புறம்பானது என இதனால் தெரிவிக்கலாகிறது.'

"ஐயோ சார், நீங்கதானே எறும்பு கேட்டீங்க!"

"மாதிரிக்குக் கேட்டோம். குடித்தனமே வெச்சிருக்கீங்க. இனி இது கட்டுப்பாட்டுப் பிரிவு. மருந்து அடிக்க ஆள் வருவார்."

"மருந்து வேண்டாம் சார்." அவள் முன்னால் வந்து நின்றாள். "இந்த எறும்பு மருந்து அடிச்சா சாகாது. வெளிய தெரியறது நாலு சாகும். உள்ள இருக்கறது மிரண்டு, ஆளுக்கொரு ராணியைக் கூட்டிட்டு ஆளுக்கொரு மூலைக்குப் போயிடும். ஒரு கூடு நாலு கூடா ஆயிடும்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"பாத்திருக்கேன் சார். எங்க அம்மா வீட்ல."

"அம்மா வீட்ல பாத்ததுக்கு இங்க கட்டம் இல்லையே," என்றார் ஆய்வாளர் வருத்தமாக. "மருந்துன்னு உத்தரவுல இருக்கு. மூலைக்கடைக்காரரைப் பாருங்க, எவ்வளவு ஒத்துழைப்பு! எந்தக் கதவைத் திறந்தாலும் எறும்பு. எங்களுக்கும் உற்சாகமா இருக்கு."

மூலைக்கடை என்பது தெருக்கோடி பேக்கரி. அங்கே எறும்பு தட்டித்தான் பன் எடுத்துத் தருவார்கள்.

மருந்துக்காரர் முகமூடி போட்டுக்கொண்டு வந்து, அடித்துவிட்டு, கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். ஓவனை ஒரு நாள் முழுக்க நிறுத்திக் கழுவ வேண்டியதாயிற்று. மூன்றாம் நாள் அலமாரியில் ஒரு வரிசை, ஜன்னல் கட்டையில் ஒரு வரிசை, மின்சாரப் பெட்டிக்குக் கீழே ஒரு வரிசை, பழைய இடத்தில் பழைய வரிசை. ரொட்டியக்கா நாலையும் எண்ணிவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "நாசமாப் போறவனுங்க," என்றாள். யாரை என்று சொல்லவில்லை.

ஆய்வாளர் மறுபடி வந்தார். முகம் மலர்ந்துவிட்டது. சர்க்கரைப் பக்கம் போனதைச் சிற்றெறும்பு என்று எழுதினார். மரத்தில் போனது கட்டெறும்பு. மின்சாரப் பெட்டிக்குக் கீழே சுண்டுவிரலை வைத்தபோது லேசாக ஷாக் அடித்தது. கையை உதறிவிட்டுச் சுள்ளெறும்பு என்று எழுதினார். ஓவனுக்குப் பின்னால் போனதைப் பார்க்க டார்ச் இல்லை என்பதால் அது முசிறு ஆயிற்று.

"சார், நாலும் ஒரே எறும்புதான் சார். ஒரே பெட்டியில வந்தது."

"எறும்பைப் பிடிக்கிறது நீங்களா இருக்கலாம். வகையை முடிவு பண்றது நாங்கதானேம்மா. பத்து நாள்ல இந்த நாலும் இருக்கக் கூடாது. இருந்தா அரக்கு."

அன்றைக்கு மத்தியானமே மனு வாத்தியார் கல்லாவில் நின்றுகொண்டு இந்த அநியாயத்தைப் பற்றி ஏழு பக்க மனு எழுதினார். கடைசிப் பக்கத்தில் பன் எண்ணெய் பட்டுவிட்டதால் மறுபடி எழுதினார்.

ரொட்டியக்கா மனுவை நம்பவில்லை. ஒரு டம்ளர் வெந்நீரில் அரை டம்ளர் சர்க்கரை கரைத்து, ஒரே ஒரு சின்ன ஸ்பூன் போரிக் பவுடர் போட்டுக் கலக்கினாள். பாட்டில் மூடிகளில் பஞ்சு வைத்து, அதில் நனைய ஊற்றி, நாலு வரிசைக்கும் பக்கத்தில் நாலு மூடி வைத்தாள். மாவு பிசைகிற மேடையின் கால்களைத் தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் இறக்கிவிட்டாள்.

"ஒரு ஸ்பூன் போதுமா? ரெண்டு போட்டா சீக்கிரம் சாகாதா?" என்றார் வீட்டுக்காரர்.

"சீக்கிரம் செத்தா வழியிலேயே செத்துடும். சாகாம வீட்டுக்கு எடுத்துட்டுப் போகணும், ராணிக்கு ஊட்டணும். கையை வெச்சுக்கிட்டு சும்மா இருங்க. ஒண்ணைக்கூட அடிக்கக் கூடாது."

முதல் இரண்டு நாள் மூடியைச் சுற்றி எறும்புத் திருவிழாதான். வீட்டுக்காரருக்குக் கை துறுதுறுத்தது. பின்னால் கட்டிக்கொண்டு நடந்தார். மூன்றாம் நாள் புதுசு பார்க்க வந்தாள். மூடிகளில் பாகைக் கண்டதும் அவள் கண் கலங்கிவிட்டது.

"தட்டு வெச்சு ஊட்டறீங்களே அண்ணி! நீங்களும் மாறிட்டீங்க, பாருங்க."

"ஆமாம்மா, மாறிட்டேன்," என்றாள் ரொட்டியக்கா.

நாலாம் நாள் வரிசை மெலிந்தது. ஆறாம் நாள் ஆங்காங்கே ஒன்றிரண்டு மட்டும் வழி தெரியாமல் சுற்றின. எட்டாம் நாள் எதுவும் இல்லை. அவள் சுவர் முழுக்கச் சோப்புத் தண்ணீர் விட்டுத் துடைத்தாள், இடுக்கெல்லாம் அடைத்தாள், மூடிகளைக் காகிதத்தில் சுற்றி வெளியே எறிந்தாள். பிறகு வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

கடைசி நாளுக்கு முந்தின நாள் ஆய்வாளர் வந்து நாலு இடத்திலும் சுண்டுவிரல் வைத்தார். எதுவும் கடிக்கவில்லை. இந்தத் தடவை இல்லாதது எது என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. கோப்பில் பெயர் சொல்லி இருந்தது. சான்றிதழ் கைக்கு வந்தது: 'மேற்படி வளாகத்தில் சிற்றெறும்பு, கட்டெறும்பு, சுள்ளெறும்பு, முசிறு ஆகிய நான்கு (4) வகை எறும்புகளும் இல்லை என இதனால் சான்றளிக்கப்படுகிறது.' உரிமமும் வந்தது. ஓவன் தப்பித்தது. வீட்டுக்காரர் கண்ணாடிச் சட்டம் போட்டு, நீர்மட்டம் வைத்துப் பார்த்துக் கல்லாவுக்கு மேலே மாட்டினார்.

அதுவரைக்கும் அந்தக் கடைக்கு வந்தவர்கள் பன்னைப் பார்த்தார்கள். இப்போது நிமிர்ந்து மேலே பார்த்தார்கள்.

"நாலுதானா?" என்றாள் தினம் ரொட்டி வாங்குகிற நர்ஸ்.

"என்ன நாலுதானா?"

"இல்லக்கா, மூலைக்கடையில ஒன்பது வகை இல்லைன்னு போட்டிருக்காங்க. பெருசா எழுதி வாசல்லயே வெச்சிருக்காங்க."

"அங்க ஒன்பது வகை இருந்துச்சு, அதான் ஒன்பது வகை எழுதிக் குடுத்திருக்காங்க! இங்க எதுவுமே இல்ல!"

"எதுவுமே இல்லைன்னு போடலையேக்கா. நாலு இல்லைன்னுதானே போட்டிருக்கு. அப்போ மிச்ச எட்டு?"

அந்தக் கேள்விக்கு ரொட்டியக்காவிடம் பதில் இருந்தது. ஆனால் காகிதத்தில் இல்லை. நர்ஸ் போய்விட்டாள். அவளுக்குப் பின்னால் நின்றவர்களும் விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டுப் போனார்கள். ஒரு வாரத்தில் கல்லாக் கூட்டம் கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆகிவிட்டது. தெருவில் இப்போது அதுதான் பேச்சு. பெண் பார்க்கப் போன வீட்டில்கூட, "சமையலறை எத்தனை வகை?" என்று கேட்டார்களாம். புதுசு வீட்டுக்கு ஆறு வகை கிடைத்துவிட்டது. கண்ணாடிப் பெட்டியைப் பரணில் போட்டுவிட்டாள்.

மனு வாத்தியார் மட்டும் வந்துகொண்டிருந்தார். அவரும் ஒரு நாள் பன்னைக் கையில் எடுத்தவர், மேலே பார்த்தார், மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார், பன்னை மெதுவாகத் தட்டில் வைத்தார்.

"வாத்தியாரே, நீங்களுமா?"

"உன் மேல நம்பிக்கை இல்லாம இல்லம்மா. பேரப் பிள்ளைங்க சாப்பிடறது பாரு." குடையை எடுத்துக்கொண்டார். "ஆனா இந்த ஆபீஸை மட்டும் நான் விடப் போறதில்ல. அடுத்த மனு ரெடியா இருக்கு."

அன்று மத்தியானம் ரொட்டியக்கா ஓவனை அணைத்தாள். சுட்டதே விற்கவில்லை, எதற்கு எரியவிடுவது? பதினோரு வருஷத்தில் விற்காமல் அணைத்தது அதுதான் முதல் தடவை. முன்னறை ஆறிக்கொண்டே வந்தது. அவளுக்கு அழுகை வந்தது, அழுதாள். வீட்டுக்காரர் என்ன செய்வதென்று தெரியாமல் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார்.

போனவர் மூலைக்கடைப் பன் ஒன்றைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு வந்தார். "அப்படி என்னதான் சுடறான்னு பாக்கலாம்னுதான்," என்றார் குற்றவாளி மாதிரி. "இருபது நிமிஷம் வரிசையில நின்னேன்."

ரொட்டியக்கா மூக்கைச் சிந்திவிட்டுக் காகிதத்தைப் பிரித்தாள். பன் கல்லு மாதிரி இருந்தது. அதன் வயிற்றிலிருந்து ஒரு எறும்பு வெளியே வந்து, மீசையை ஆட்டி நாலு பக்கமும் பார்த்துவிட்டு, அவள் மேடை மீது இறங்கியது. நல்ல செம்மண் நிறம். தலை பெரிசு. பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தது.

"பாத்தியா லட்சணத்தை!" வீட்டுக்காரருக்கு வாழ்க்கையில் முதல் தடவையாகக் கோபம் வந்தது. கையை ஓங்கினார்.

"ஏங்க! அடிக்காதீங்க!"

கத்திய வேகத்தில் அவருடைய மணிக்கட்டையே பிடித்துவிட்டாள். பிறகு குனிந்து, மூச்சுப் படாமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, அதை வெகுநேரம் பார்த்தாள். நிமிர்ந்து சுவரில் தொங்கிய சான்றிதழைப் பார்த்தாள். மறுபடியும் குனிந்தாள்.

"இது நம்மகிட்ட இல்லாத வகைங்க," என்றாள் ரகசியமாக. "போய்க் கொஞ்சம் சர்க்கரை எடுத்துட்டு வாங்க. மெதுவா நடங்க, பயந்துடப் போகுது."